தடவுற கை நடக்கும்

ஒரகடம்
ஜூன் 8

அன்புள்ள அண்ணிக்கு,

போனை எடுக்கலைன்னா பரவாயில்லைங்க அண்ணி. இந்தப் பார்சலையாவது பிரிங்க.

உள்ளே மூணு ரப்பர் துண்டு இருக்குது. ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம். கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க. தொட்டதும் மனசுல முதல்ல என்ன வருதோ அதை எழுதுங்க. அழகா இருக்குதா இல்லையான்னு வேணாம்.

என் வேலை என்னன்னு ஒரு தடவை கேட்டீங்க. "காருக்குத் தோல் தைக்கிறா"ன்னு அண்ணன் சொல்லிட்டாரு. அது இல்லைங்க. கார் கதவுல கை படற இடம் எப்படி இருந்தா ஆளுக்கு நம்பிக்கை வரும், ஸ்டியரிங்ல எந்த மாதிரி சொரசொரப்பு இருந்தா பதட்டம் அடங்கும்னு பார்த்துப் பார்த்து அந்த மேல்பரப்பைச் செய்யறோம். ஒரு மூடின பெட்டிக்குள்ள ஆளுங்களைக் கையை விடச் சொல்லுவோம். தொட்டதும் சிரிக்கிறாங்களா, கையை இழுத்துக்கிறாங்களா, அங்கேயே வெச்சிருக்காங்களான்னு பார்ப்போம். பல தடவை வாய் சொல்றது ஒண்ணு, கை சொல்றது ஒண்ணு.

அதையே நம்ம ஊர்ல புயலுக்கு ஒதுங்கற கட்டடத்துக்குச் செய்யப் போறேன். மேல் ஹால்ல ஆரம்பிச்சு படிக்கட்டு முழுக்க, சுவர்ல ஒரு பட்டை. கரண்ட் போனாலும் கை வழி கண்டுபிடிக்கணும், மனசும் அடங்கணும். வார்டு மெம்பர் ஜான்சன் அண்ணன் ஆபீஸ்ல பேசி அனுமதி வாங்கறேன்னு சொல்லியிருக்காரு. எங்க கம்பெனியில மீதியாகிற ரப்பரை எடுத்துக்கச் சொல்லிட்டாங்க.

போன வருஷத்தைப் பத்தி நான் எழுதலை. எழுதினா கிழிச்சுடுவீங்க. புள்ள செந்தமிழோட கை எப்படி இருக்குதுன்னு மட்டும் ஒரு வரி எழுதுங்க.

கலைமதி


மரக்காணம்
ஜூன் 19

மதி,

பார்சலை நான் பிரிக்கலை. செந்தமிழ் பிரிச்சுட்டா. அத்தை அனுப்பினதுன்னா அவளுக்குப் பொறுக்காது.

நீ எழுதலைன்னா நான் எழுதறேன். புயல் வருதுன்னு சொன்ன அன்னிக்கி, பெருமுக்கல்லுல எங்கம்மா ஊட்டுக்குப் போறேன்னு நான் துணியெல்லாம் பையில எடுத்து வெச்சுட்டேன். நீ அங்கருந்து போன் மேல போன். "புயல் கட்டடத்துக்குப் போங்க அண்ணி, அதுதான் கெட்டி." உங்கண்ணன் உப்பு லோடு ஏத்திக்கினு திருச்சி போயிருந்தாரு. கேக்க வேற ஆளு இல்ல. போனேன்.

மேல் ஹால்ல அத்தினி ஜனம். கரண்ட் போச்சு. எவனோ "தண்ணி ஏறுது"ன்னு கத்தினான். வெளிய போயிடணும்னு எல்லாரும் படிக்கு ஓடினாங்க. படி திரும்புற எடத்துல புள்ள கை என் கையில இருந்து உருவிடுச்சு. இருட்டுல அவ மேல எத்தினி பேர் ஏறிப் போனாங்களோ. நான் கத்தறது எனக்கே கேக்கலை. கடைசில பாத்தா தண்ணி முதல் படிக்குக் கூட வரலை.

கை கூடிடுச்சு. முழங்கை முழுசா நீளலை. அவ எழுதற கை அது.

துண்டைப் பத்திக் கேட்ட இல்ல? மெத்துன்னு இருக்கறது செத்த பூனைக்குட்டி மழையில நனைஞ்ச மாதிரி இருக்குது. தொட்டதும் கையை உதறிட்டேன். வழவழன்னு இருக்கறதுல எனக்கு ஒண்ணுமே தெரியலை. நெளி நெளியா இருக்கறது பரவால்ல. ஆனா இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் ஒரே மாதிரி. அதுல என்னா வழி தெரியும்?

நான் அந்தக் கட்டடத்துல இனிமே கால் வெக்க மாட்டேன். அடுத்த புயலுக்கு எனக்குப் பெருமுக்கல்தான். நீ சொவத்துல எதை வேணா ஒட்டிக்கோ.

போன்ல பேசினா நான் கத்திடுவேன். அதனாலதான் எழுதறேன்.

அம்சவல்லி


ஒரகடம்
ஜூன் 27

அண்ணிக்கு,

நீங்க கத்தினாலும் கேட்டுக்கிறேன். ஆனா எழுதினதே நல்லது. இதை ரெண்டு மூணு தடவை படிச்சேன்.

அந்த வழவழத் துண்டு எங்க ஆபீஸ்ல எல்லார் கையும் அடங்கின துண்டு. உங்களுக்கு ஒண்ணும் தெரியலைன்னா, இது உப்பு சீசன். உப்பு வாரற பலகை பிடிச்சு உள்ளங்கை காய்ச்சுப் போயிருக்கும். அம்மா இருந்தப்போ சூடான டம்ளரைச் சாதாரணமா தூக்குவாங்களே, அந்த மாதிரி. மெல்லிசா செஞ்சது எதுவும் நம்ம காலனிக்கு உதவாது. புரிஞ்சுக்கிட்டேன். இனி ரெண்டு கையிலும் தடிமனான கிளவுஸ் போட்டுக்கிட்டுத்தான் தொட்டுப் பார்க்கப் போறேன்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். கோபப்படுங்க, பரவாயில்லை. நான் அன்னிக்குச் சொன்னது தப்புன்னு எனக்கு இன்னமும் தோணலை. அன்னிக்குச் சாயங்காலமே பெருமுக்கல் ரோடு தண்ணியில போயிடுச்சு. நம்ம வீட்டுக் கூரை ஷீட் பறந்துபோய் உப்பளத்துல கிடந்துச்சு. புள்ள கை உடைஞ்சதும் நிஜம், இதுவும் நிஜம். ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை அழிக்க எனக்கு வரலை.

உங்களுக்குப் பெருமுக்கல் இருக்குது. பக்கத்து வீட்டு முத்தம்மாக்காவுக்கு எந்த ஊர் இருக்குது? முட்டியை மடக்க முடியாத மனுஷி. அவங்களும் இன்னும் பாதி காலனியும் இனி அந்தக் கட்டடத்துக்கு வர மாட்டோம்னு சொல்றதா ஜான்சன் அண்ணன் சொல்றாரு. அடுத்த தடவை தண்ணி நிஜமாவே ஏறினா?

கலைமதி


மரக்காணம்
ஜூலை 6

மதி,

முத்தம்மாக்காவைக் கேட்டேன். "ஊட்டுலயே கெடந்து சாவறேன், அந்தப் படியில மிதிபட்டுச் சாவ மாட்டேன்"னு சொல்லிடுச்சு. சிரிச்சுக்கினேதான் சொல்லுச்சு. எனக்குச் சோறு எறங்கலை.

துண்டு அனுப்பு. எனக்கில்ல, அதுக்கு.

ஆனா ஒண்ணு கேக்கறேன். இவ்ளோ வேலை எதுக்கு? சொவத்துல இன்னொரு இரும்புக் கம்பி அடிச்சா போதாதா?

அம்சவல்லி


ஒரகடம்
ஜூலை 15

அண்ணிக்கு,

கம்பி ஏற்கெனவே இருக்குதே. போன வருஷம் நெரிசல் ஆனதே அந்தக் கம்பி பக்கத்துலதான்னு ஜான்சன் அண்ணன் சொன்னாரு. நானும் அன்னிக்கு அங்க இருந்தவங்க சில பேர்கிட்டப் போன்ல கேட்டேன். எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னாங்க: "கம்பியைக் கெட்டியா புடிச்சுக்கினேன், உடவே இல்ல." பயந்தவங்க கையில கம்பி கிடைச்சா அப்படித்தான். முன்னாடி நிக்கறவங்க விடலைன்னா பின்னாடி வர்றவங்க எங்க போவாங்க?

பிடிக்கிற கை நின்னுடும் அண்ணி. தடவுற கை நடக்கும். அதனால, பிடிக்க முடியாத, ஆனா தடவத் தோணுற ஒண்ணு வேணும்.

இரும்பு சில்லுன்னு இருக்கும், ஈரமானா வழுக்கும். தொட்டதுமே உடம்பு சுருங்கிடும். அதுவும் வேணாம்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி"ன்னு எழுதியிருந்தீங்களே, அதை வெச்சுத்தான் இப்போ அனுப்பியிருக்கிற துண்டைச் செஞ்சேன். மீன் செதில் மாதிரி அடுக்கியிருக்குது. வெளிய போற பக்கமா தடவினா வழுக்கிக்கிட்டுப் போகும். எதிர்ப் பக்கமா தடவினா கையைத் தடுக்கும். சரியான வழியில போறப்போ கைக்கு ஒரு நிம்மதி, தப்பா போனா ஒரு உறுத்தல். இருட்டுல யாரும் கத்தி வழி சொல்ல வேண்டியதில்லை.

நாலு பேர்கிட்டக் கொடுத்துப் பாருங்க. கண்ணைக் கட்டி.

கலைமதி


மரக்காணம்
ஜூலை 24

மதி,

உன் துண்டை உப்பளத்துக்கு எடுத்துக்கினு போனேன். மத்தியானம் சோத்து நேரத்துல தலைத்துண்டால கண்ணைக் கட்டி, முதல்ல முத்தம்மாக்கா கையில குடுத்தேன். முட்டி முடியாட்டியும் கரையில குந்திக்கினு மூட்டை தெக்க வருது அது.

"ஐயோ பாம்பு"ன்னு தூக்கி வீசுச்சு பாரு, பாத்தி நடுவுல போய் விழுந்துச்சு. கூட வேலை செய்யற சேட்டு எறங்கி எடுத்துக்கினு வந்து தானும் தடவிப் பாத்துட்டு, "ஆமா, சாரைதான்"னான். அப்புறம் ஒருத்தியும் கை நீட்டலை. எல்லாரும் சிரிச்ச சிரிப்புல மேஸ்திரி வந்து என்னா ஏதுன்னு கேட்டாரு.

சிரிப்பு இருக்கட்டும். வெள்ளம் வந்தா பாம்பும் மேட்டுக்குத்தான் வரும். போன வருஷம் கட்டடத்துக்குக் கீழ ரெண்டைப் பாத்தோம். அங்க போய் இருட்டுல சொவத்துல செதிலைத் தொட்டா என்னா ஆவும்? நீ அடுத்த நெரிசலுக்கு வழி பண்றியா?

ஆனா உன் வேலை வீண் இல்ல. பாம்புன்னு கத்தின அப்புறம், நான் விடாம இன்னொரு தடவை கையைப் புடிச்சு வெச்சேன். எந்தப் பக்கம் போவச் சொல்லுதுன்னு கேட்டேன். டக்குன்னு சரியா காட்டுச்சு. சேட்டும் சரியா காட்டினான். அது வேலை செய்யுது. மேல இருக்கற பாம்பை மட்டும் எடுத்துடு.

அம்சவல்லி


ஒரகடம்
ஆகஸ்ட் 20

அண்ணிக்கு,

பாம்பை எடுத்தாச்சு. அதுக்குத்தான் இத்தனை நாள்.

எங்க பெட்டியில கையை விட்டவங்க ஒருத்தரும் பாம்புன்னு சொல்லலை. அவங்க இருக்கறது அடுக்குமாடி. வெள்ளத்துல பாம்போட படுத்தவங்க இல்லை. நான் படுத்திருக்கேன், எனக்கே தோணலை பாருங்க.

பாம்புன்னு எது சொல்ல வைக்குதுன்னு ஒவ்வொண்ணா மாத்திப் பார்த்தேன். செதில் சின்னதா இருக்கறது, சில்லுன்னு இருக்கறது, பளபளன்னு வழுக்கறது, இந்த மூணும் சேர்ந்தாத்தான் பாம்பு. இப்போ ஒவ்வொரு அடுக்கும் உள்ளங்கை அகலம். விளிம்பையெல்லாம் மழுக்கிட்டேன். ரப்பர்ல தக்கைத் தூள் கலந்திருக்கேன், தொட்டா சில்லுன்னு இருக்காது, ஈரத்துலயும் வழுக்காது.

ரெண்டு வரிசையா ஒட்டணும். பெரியவங்க இடுப்பு உயரத்துல ஒண்ணு. அதுக்குக் கீழ, பசங்க கை எட்டற உயரத்துல ஒண்ணு. அவங்களுக்கு அடுக்கைச் சின்னதா, ஆனா இன்னும் மேடா செஞ்சிருக்கேன்.

படி திரும்புற இடத்துல என்ன செய்யறதுன்னு உங்களைக் கேக்காம முடிவு பண்ண மாட்டேன். அதே பட்டையை வளைச்சுக்கிட்டுப் போகலாம்னு என் எண்ணம்.

கலைமதி


மரக்காணம்
செப்டம்பர் 2

மதி,

உப்பளத்துல ஒருத்தி மாட்டு முதுகுன்னா. ஒருத்தி ஓட்டுக் கூரைன்னா. முத்தம்மாக்கா தடவிக்கினே இருந்துச்சு. கையை எடுன்னாலும் எடுக்கலை. போதுமா?

திரும்புற எடத்தைப் பத்திக் கேட்ட. அதுக்காகக் கட்டடத்துக்குப் போனேன். ஆமா, கால் வெக்க மாட்டேன்னுதான் சொன்னேன். ஜான்சன்கிட்ட சாவி வாங்கிக்கினு பகல்லதான் போனேன். மேல ஏறிட்டேன். எறங்கறப்போ அந்த எடம் வந்ததும் என் கால் ஓடப் பாத்துச்சு. ஒரு ஆளும் இல்ல, வெளிச்சமா இருக்குது, ஆனாலும் ஓடப் பாத்துச்சு.

அந்த எடத்துல கைக்கு ஒரு குழி வேணும். உள்ளங்கை உக்கார்ற மாதிரி, கிண்ணம் மாதிரி. கை அதுல போய் விழணும், ஒரு மூச்சு விடணும், அப்புறம் திரும்பணும். நீ மாட்டேன்னு சொல்லுவ. அங்க விழுந்தது என் புள்ள. நான் சொல்றதைச் செய்.

அம்சவல்லி


ஒரகடம்
செப்டம்பர் 9

அண்ணிக்கு,

குழி தப்புங்க அண்ணி. கைக்குச் சுகமா ஒரு இடம் கிடைச்சா அங்கேயே நிக்கும். படியில எங்க நின்னாலும் நிக்கலாம், திரும்புற இடத்துல நிக்கக் கூடாது.

ஆனா செஞ்சு அனுப்பறேன். நீங்க கேட்டது சுகத்துக்காக இல்லை, புள்ள விழுந்த இடங்கறதுக்காகன்னு எனக்குத் தெரியும். ஒண்ணே ஒண்ணு: ஆளுங்களை வெச்சு நடந்து பார்க்காம சிமெண்ட் பூசிடாதீங்க. திருகாணி போட்டு மாட்டச் சொல்லுங்க, கழட்டற மாதிரி.

கலைமதி


மரக்காணம்
அக்டோபர் 13

மதி,

சேட்டுதான் பட்டையெல்லாம் ஒட்டினான். உங்கண்ணன் லீவு போட்டு ரெண்டு நாள் கூட நின்னாரு. "என் தங்கச்சி வேலை"ன்னு போறவன் வர்றவன் கையையெல்லாம் புடிச்சு இழுத்துச் சொவத்துல வெக்கறாரு.

ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு ஜான்சன் போற மாதா கோயில் ஆளுங்க வந்தாங்க, காலனியும் வந்துச்சு. ஜன்னலெல்லாம் சாத்தி, சாக்கு தொங்கவிட்டு, கும்மிருட்டு ஆக்கினோம். மேலருந்து எல்லாரையும் எறங்கச் சொன்னேன். நடுப் பகல்ல என்னா விளையாட்டுன்னு சிரிச்சுக்கினுதான் ஆரம்பிச்சாங்க.

பட்டையில கை வெச்சு வரிசையா வந்தாங்க மதி. இடிக்கலை. ஆனா திரும்புற எடத்துல, நான் கேட்ட குழியில முதல் ஆள் கை விழுந்துச்சு. நின்னுட்டா. "இது என்னாடி, நல்லா இருக்குதே"ங்கறா. பின்னாடி வந்தவ அவ மேல. அவ பின்னாடி இன்னொருத்தி. முத்தம்மாக்கா சாஞ்சுடுச்சு, உங்கண்ணன் தாங்கிப் புடிச்சாரு. நான் அந்த எடத்துலயே உக்காந்துட்டேன்.

செந்தமிழ் வந்து என் தோளைத் தொட்டு, "கழட்டிடலாம்மா"ன்னா.

நீ சொன்னதுதான் சரி. சேட்டு அங்கியே திருகாணியைக் கழட்டிட்டான். உன் பட்டையை வளைச்சு மாட்டி, மறுபடியும் எல்லாரையும் நடக்க வெச்சேன். முணுமுணுத்தாங்க. விடலை. இன்னொரு தடவையும் நடக்க வெச்சேன். கடைசி தடவை நானும் நடந்தேன். ஓடாம திரும்பிட்டேன்.

குழி வீணாவலை. ஹால்ல ஜனம் சொவத்துல சாஞ்சு மணிக்கணக்கா உக்காந்திருக்கும், அந்தச் சொவத்துல, உக்காந்தா கை எட்டற எடத்துல மாட்டச் சொல்லிட்டேன். படியில நிக்கத்தான் கூடாது. மேல போய் நிக்கட்டும். இன்னும் பத்துப் பதினஞ்சு செஞ்சு அனுப்பு.

அம்சவல்லி


ஒரகடம்
நவம்பர் 5

அண்ணிக்கு,

குழியெல்லாம் இந்தப் பெட்டியில இருக்குது. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஆழம், அவங்கவங்க கைக்கு எது பொருந்துதோ அங்க உக்காரட்டும். பயத்துல இருக்கறவங்க விரல் எதையாவது தேடிக்கிட்டே இருக்கும். அதனால அடியில லேசா வரி போட்டிருக்கேன், விரலுக்கு வேலை.

இங்க ரெண்டு நாளா விடாம மழை. கடல்ல ஏதோ உருவாகுதுன்னு நியூஸ்ல சொல்லிக்கிட்டே இருக்காங்க. இந்தத் தடவை எங்க போங்கன்னு நான் சொல்ல மாட்டேன் அண்ணி. நீங்க முடிவு பண்ணுங்க. பெருமுக்கல் போனாலும் சரி. நிஜமாத்தான் சொல்றேன்.

கலைமதி


மரக்காணம்
டிசம்பர் 6

மதி,

கரண்ட் நேத்துதான் வந்துச்சு. ஜான்சன் உனக்குப் போன் பண்ணி எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு சொன்னாராம். நான் முழுசா எழுதறேன்.

பெருமுக்கல் போவலை. எங்கம்மா ஆள் அனுப்பிச்சாங்க, பஸ்ஸும் ஓடிக்கினு இருந்துச்சு. ஆனா காலனியில எல்லாரும் என் மூஞ்சைப் பாத்துக்கினு நின்னாங்க. இருட்டுல நடக்க வெச்சவ நான்தானே. துணிப்பையைத் தூக்கினேன், புள்ளையைக் கூட்டினேன், முத்தம்மாக்காவை சேட்டு சைக்கிள்ல குந்த வெச்சு, கட்டடத்துக்குப் போயிட்டோம். எங்களைப் பாத்துக்கினு மத்தவங்களும் வந்தாங்க.

மத்தியானமே கரண்ட் போயிடுச்சு. வெளிய காத்து லாரி ஓட்டற மாதிரி சத்தம். ஹால்ல எல்லாரும் சொவத்தோரம். உன் குழியில கை வெச்சுக்கினு எங்க பாத்தாலும் ஆளு. நீ போட்ட வரியைச் சொரண்டிக்கினே முத்தம்மாக்கா தூங்கிடுச்சு. குறட்டை வேற.

சாயங்காலம் போல கடல் பக்கத்து ஜன்னல் பிச்சிக்கினு உள்ள வந்து விழுந்துச்சு. கண்ணாடி, மழை, காத்து எல்லாம் ஹாலுக்குள்ள. இனிமே மேல இருக்க முடியாது, நடு மாடி ரூமுக்கு எறங்கணும். கும்மிருட்டு. எல்லாரும் ஒண்ணா எழுந்துட்டாங்க. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும் மதி. போன வருஷம் கேட்ட அதே சத்தம்.

"சொவத்துல கை வை! புடிக்காத, தடவு!"ன்னு கத்தினேன். ஜான்சனும் கத்தினாரு. அப்புறம் அவங்கவங்களே பின்னாடி சொல்லிக்கினு வந்தாங்க, தடவு, தடவுன்னு. பசங்க கீழ் பட்டையில. செந்தமிழ் எனக்கு முன்னாடி போனா. கையைப் புடிச்சுக்கோன்னேன். "வேணாம்மா, எனக்கு ரெண்டு கையும் சொவத்துக்கு வேணும்"னா. உட்டேன். மறுபடியும் புடிக்கத்தான் கை போச்சு. ஆனா உட்டேன்.

நான் முத்தம்மாக்காவோட கடைசில எறங்கினேன். பயம் போவலை. நீ எத்தினி துண்டு செஞ்சாலும் பயம் போவாது. ஆனா பயத்தோடயே ஒவ்வொரு படியா எறங்க முடிஞ்சுது. திரும்புற எடம் எப்ப வந்துச்சு, எப்ப போச்சுன்னு கை சொல்லித்தான் தெரிஞ்சுது. கீழ ரூம்ல ஜான்சன் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு. எல்லாரும் இருந்தாங்க. எங்க சாம்பார்த் தூக்கை எவனோ மிதிச்சுட்டான், அவ்வளவுதான்.

அன்னிக்கி நீ கட்டடத்துக்குப் போவச் சொன்னதுல எனக்கு இருக்கற கோபம் இன்னும் முழுசா போவலை. அது இருக்கும். நீயும் தப்புன்னு சொல்லாத, நானும் சரின்னு சொல்லலை. பொங்கலுக்கு வந்தா ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கலாம், நேர்லயே.

அதுக்கு முன்னாடி வேலை இருக்குது. மேல் ஜன்னலுக்கு இரும்புக் கதவு கேட்டு மனு குடுத்தாச்சு, நாங்க அத்தினி பேரும் போய் நின்னுதான் குடுத்தோம். கூனிமேட்டுப் பக்கத்துல ஒரு காலனியில இருந்து பொம்பளைங்க நாலு பேர் வந்திருந்தாங்க. கண்ணை மூடிக்கினு நம்ம படி முழுக்க ஏறி எறங்கிப் பாத்தாங்க. அவங்க கட்டடத்துக்கும் வேணுமாம். செய்யறோம்னு நான் சொல்லிட்டேன். உன்னைக் கேக்கலை. சேட்டு தயார், இன்னும் ரெண்டு பொம்பளைங்களுக்கு ஒட்டறது எப்படின்னு அவன் காட்டிக்கினு இருக்கான். உப்பு சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள முடிக்கணும்.

நேத்து நானே போய் அவங்க கட்டடத்துப் படியை நடந்து பாத்துட்டு வந்துட்டேன். நம்மளுது வலது பக்கம் திரும்புது. அவங்களுது எடது பக்கம். இதே அச்சு உதவாது, எல்லாத்தையும் திருப்பிப் போட்டுச் செய். சனிக்கெழம வா.

அண்ணி